சருகு தின்றவர்கள் டீசலுக்கு வந்த கதை

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும்போது வேறெங்கே பார்ப்பது? 1977-இல் யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்பதைப் பார்த்துச் சொன்ன இடங்களில் இந்த மலையும் ஒன்று. சரி, அது இருக்கட்டும். நாம் குனிவோம். காலடிச் சருகைத் தள்ளி, அதற்கடியில் மக்கிக் கறுத்துக் கிடப்பதையும் தள்ளி, விரலில் ஈரமாய் ஒட்டும் அந்த மண்ணுக்குள் எட்டிப் பார்ப்போம். வானத்தில் நடப்பதற்குச் சற்றும் குறையாத அமர்க்களம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது!

முதல் ரகசியத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அடக்கி வைக்க முடியவில்லை. மரத்து இலையின் மேல் மினுமினுவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, தண்ணீர் பட்டால் உருட்டி விடுகிறதே, அந்த மெழுகில் கணிசமான பங்கு ஆல்கேன். கார்பன் அணுக்கள் கைகோத்து வரிசையாக நிற்கும், சுற்றிலும் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் ஆல்கேன். இலை மெழுகில் அந்த வரிசை 27, 29, 31 கார்பன் என்று நீளும். டீசலிலும் முக்கியமான சரக்கு இதே ஆல்கேன்தான். நீளம் மட்டும் குறைவு, ஏறக்குறைய 10 முதல் 20 கார்பன். ஆக, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பலா இலை உதிரும்போதெல்லாம் டீசலின் பங்காளி ஒருவன் மண்ணில் வந்து விழுகிறான். யாரும் போலீசுக்குச் சொல்வதில்லை, யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. நாளடைவில் அவன் காணாமல் போய்விடுகிறான். தின்றது யார்?

இன்னும் கேளுங்கள். மரக்கட்டைக்கு விறைப்பைத் தருவது லிக்னின். அதன் உடம்பெல்லாம் ஆறு கார்பன் வளையங்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன், டொலுவீன், சைலீன் எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பதும் அதே வளையம்தான். இந்த மலையின் பேரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர் வனத்துறைக் கிடங்கில் ஏலத்துக்கு அடுக்கியிருக்கும் கட்டைக்குள் மணப்பது பெரும்பாலும் சாண்டலால். பதினைந்து கார்பன் கொண்ட ஒரு ஹைட்ரோகார்பன் சட்டம், அதன் ஓரத்தில் ஒரே ஓர் ஆக்சிஜன். கடத்தல்காரர்கள் அதைப் பணமாகப் பார்த்தார்கள். மண்ணில் கிடக்கும் பாக்டீரியாவுக்கு அது கார்பன், அவ்வளவுதான். வேரோடு மக்கிப் போகும் சந்தனக்கட்டையையும் அது விட்டுவைப்பதில்லை.

எண்ணெய் கொட்டிய நிலத்தில் நுண்ணுயிர்கள் எண்ணெய் தின்னக் கற்றுக்கொள்கின்றன என்று நாம் எழுதுவது வழக்கம். எனக்கு அந்த வாக்கியத்தில் நம்பிக்கை போய்விட்டது. செய்யாற்றுக்குப் பக்கத்துப் புரிசையில் தெருக்கூத்து பார்க்க உட்கார்ந்தவர்களுக்குத் துரியோதனன் திடுமென்று வந்து குதித்த மாதிரி இருக்கும். வேஷம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த பொடியன்களுக்குத்தான் தெரியும், ஆள் இருட்டுவதற்கு முன்பிருந்தே அங்கே உட்கார்ந்து அரிதாரம் பூசி, கட்டை கட்டி, முறைக்காகக் காத்திருந்தார் என்று. மண்ணும் அப்படித்தான். எண்ணெயே படாத காட்டு மண்ணிலும் ஹைட்ரோகார்பன் தின்னத் தெரிந்த கூட்டம் உண்டு. மொத்த பாக்டீரியாவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. எண்ணெய் கொட்டியதும் அந்தச் சிறு கூட்டம் பெருகிப் பெருகி மேடையைப் பிடித்துக்கொள்கிறது. நாம் கற்றல் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஆள்மாற்றம்தான்.

சரி, கொட்டகைக்குள் போவோம். இனிமேல்தான் சுவாரசியம்!

திருப்பத்தூரோ போளூரோ, மலையடிவாரத்து எந்த ஊர் மெக்கானிக் ஷெட்டிலும் தரை கறுத்து இறுகிக் கிடக்கும். பழைய ஆயிலை வடிக்கும் இடம் அது. நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா வேண்டுமென்றால் முதலில் ஓடுவது இந்த மாதிரி இடத்துக்கும் பெட்ரோல் பங்க் மண்ணுக்கும்தான். ஒரு கரண்டி மண்ணை அள்ளி வந்து, புஷ்னல்–ஹாஸ் என்ற உப்புக் கரைசலில் போடுவார்கள். அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் உண்டு. கார்பன் மட்டும் பொட்டுக்கூடக் கிடையாது. மேலே கொஞ்சம் டீசல் ஊற்றிக் குலுக்கும் எந்திரத்தில் வைத்துவிடுவார்கள். பிழைக்க வேண்டுமா, டீசலைத் தின். முடியாதா, பட்டினி கிட. இரக்கமே இல்லாத ஏற்பாடு. சில நாளில் தெளிந்த நீர் கலங்கும். மேலே மிதந்த டீசல் பொடிப்பொடித் துளியாக உடைந்து பால் மாதிரி வெளுக்கும்.

இதிலேயே இன்னொரு வித்தையும் உண்டு. டி.சி.பி.ஐ.பி. என்றொரு நீலச் சாயத்தைக் கலந்து வைத்தால், பாக்டீரியா டீசலை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது பிடுங்கும் எலெக்ட்ரான்கள் அந்தச் சாயத்துக்குப் போய்ச் சேரும். நீலம் மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் நிறமே இல்லாமல் போகும். யார் சாப்பிட்டார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்பதைக் குழாய் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலையில் வந்து அடுக்கைப் பார்க்கும் ஆய்வு மாணவர் 'வெளுத்துருச்சு!' என்று துள்ளுவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கொலைக்களம் இருக்கிறது; அதை யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் வந்து விழுந்த முதல் சில நிமிடங்களில் மண்ணுக்குள் நடப்பது விருந்து இல்லை. டொலுவீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் பாக்டீரியாவின் மேலுறைக்குள் கரைந்து புகுந்துவிடும். உறை கொழுப்பால் ஆனது. பெட்ரோலும் கொழுப்பும் ஒன்றையொன்று தேடிப் போகும். உறை நெகிழும், உள்ளிருக்கும் அயனிகள் வெளியே ஒழுகும், செல் சாகும். எத்தனையோ இனங்கள் இந்தக் கட்டத்திலேயே காலி.

தப்பிப்பவர்களைப் பாருங்கள், அடேயப்பா! சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவின் உறையில் இருக்கும் கொழுப்பமிலங்கள் இயல்பாக ஓரிடத்தில் வளைந்திருக்கும். வளைந்தவை நெருக்கி நிற்க முடியாது, இடைவெளி விடும். டொலுவீன் வாடை பட்டதும் ஒரு நொதி கிளம்பி அந்த வளைவுகளை நிமிர்த்துகிறது. புதிதாகக் கொழுப்பு செய்யவில்லை, செல் பிரியவில்லை, சக்தி செலவழிக்கவில்லை. இருந்ததையே இருந்த இடத்தில் நிமிர்த்துகிறது. சில நிமிடங்களில் தொடங்கிவிடும் வேலை இது. நிமிர்ந்த கொழுப்புகள் நெருங்கி நிற்க, உறை இறுகுகிறது. அதற்கும் மீறி உள்ளே வந்த டொலுவீனை, உறையில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள் பிடித்து வெளியே தள்ளுகின்றன. உள்ளே வரவர இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! 1989-இல் ஜப்பானைச் சேர்ந்த இனோவேயும் ஹொரிகோஷியும், பாதிக்குப் பாதி டொலுவீன் கலந்த ஊடகத்திலேயே வளரும் ஒரு சூடோமோனாஸ் வகையை அறிவித்தபோது பலரும் வியந்தார்கள். டொலுவீன் என்பது ஆய்வகத்தில் கிருமியைக் கொல்லப் பயன்பட்ட சரக்கு. வியந்ததில் தப்பில்லை.

உயிர் தப்பியாயிற்று. இனி சாப்பிட வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. பாக்டீரியாவோ தண்ணீர்ப் படலத்தில் வாழும் பிராணி. இந்தச் சிக்கலுக்கு இரண்டு கட்சிகள் இரண்டு வழி கண்டுபிடித்திருக்கின்றன. சூடோமோனாஸ் கட்சி சோப்பு தயாரிக்கிறது. ராம்னோலிபிட் என்று பெயர்; ஒரு முனையில் சர்க்கரை, மறுமுனையில் கொழுப்பு. நம் சோப்பு செய்கிற அதே வேலைதான்: எண்ணெயைப் பொடித்துளியாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறது. ரோடோகாக்கஸ் கட்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தன் மேலுறையையே மெழுகுபோல் ஆக்கிக்கொண்டு எண்ணெய்த் துளிமேல் நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது. தீனி மிஞ்சினால் அதை உள்ளேயே கொழுப்பாகச் சேர்த்தும் வைக்கும். அந்தக் கொழுப்பு ட்ரைகிளிசரைடு வகை, கடலை எண்ணெய் எந்த வகையோ அதே வகை. சில ரோடோகாக்கஸ்கள் நல்ல தீனி கிடைத்தால் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். பெட்ரோல் குடித்துத் தொந்தி போட்ட பாக்டீரியா! இன்னொரு கூத்து: பதினைந்து கார்பன் ஆல்கேனைத் தீனியாகக் கொடுத்தால், செல்லின் கொழுப்பிலும் பதினைந்து கார்பன் அமிலம் தலைகாட்டும். என்ன தின்றதென்று உடம்பே சொல்லிவிடுகிறது.

ஆல்கேனை உடைக்கும் சூட்சுமம் முதல் அடியில்தான் இருக்கிறது. கார்பன் வரிசையின் கடைசி அணுவில் ஓர் ஆக்சிஜனைச் செருக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதியை ஆல்க்-பி என்பார்கள். ஆக்சிஜன் ஏறிவிட்டால் ஆல்கேன் ஆல்கஹாலாகும், பிறகு கொழுப்பமிலமாகும். அதன்பின் நம் உடம்பு நெய்யை எப்படிச் செரிக்கிறதோ அதே பாதை. இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே போகும். இலை மெழுகு மாதிரி மிக நீண்ட வரிசைக்கு வேறு நொதிகள் உண்டு, ஆனால் முதல் அடி அதே யோசனைதான். வளையங்களுக்கு இரண்டு ஆக்சிஜனை ஒட்டிக் கேட்டகால் ஆக்கி, பிறகு வளையத்தை அறுத்துத் திறப்பார்கள். லிக்னின் துண்டுகளைச் செரிக்க நெடுங்காலமாகப் புழங்கிய பாதையும் இதுவே. காட்டில் மரம் மக்கிய காலத்திலிருந்து கையிருப்பில் இருந்த சாமான் இப்போது பெட்ரோலுக்கு ஆகிறது.

எல்லா நேரமும் இந்தக் கடை திறந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. ஆல்க்-பி செய்வதற்குச் செலவு அதிகம். அதனால் காவலுக்கு ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும். ஆல்கேன் அதன்மேல் வந்து ஒட்டினால்தான் மரபணு திறக்கும். பக்கத்திலேயே சுலபமாகத் தின்னக்கூடிய கரிம அமிலங்கள் கிடைத்தால் அந்தத் திறப்பும் நின்றுபோகும். நாலு கட்டி வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் பாக்டீரியாவுக்குத் தெம்பு வருமே என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். நுண்ணுயிர் பெருகும், டீசல் அப்படியே கிடக்கலாம்.

இப்போது மலையை விட்டிறங்கிச் சென்னைக்குப் போவோம். ஜவ்வாது மலையில் பெட்ரோல் குழாய் கிடையாது; இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். வடசென்னையில் இருக்கிறது. 2013-இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல் தண்ணீரில் பெட்ரோலிய வாடை அடித்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்திருந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது, சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்கள் நிலத்தடியை ஆராய்ந்தார்கள். அந்தப் பகுதி கடலோர மணல். எண்ணெய் விறுவிறுவென்று இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படலமாக மிதந்து பரவும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஏறியது. 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்புக்கு வெடிப்பு எண்ணெய் ஓடிப் போய்விடும், பாக்டீரியா பிடித்து நிற்பதற்கு மண் குறைவு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மேல்மண்ணில் சிந்தினால் காற்று இருக்கிறது. ஆழத்தில்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், திகைத்துப் போனேன். ஒரு கிராம் டீசலை முழுதாகக் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக ஆக்க ஏறக்குறைய 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். அப்படியானால் ஒரே ஒரு கிராம் டீசலுக்கு 450 லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தேவை. ஒரு லிட்டர் டீசல் என்றால், சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் முப்பதுக்கும் மேலே நிரம்ப நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்கு!

அதனால் ஆழத்தில் மூச்சே வேறு. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் கூட்டம் முன்னுக்கு வரும். அது தீர்ந்தால் மாங்கனீசு, துருப்பிடித்த இரும்பு, பிறகு சல்பேட். சல்பேட் கூட்டம் வந்துவிட்டதை மூக்கே சொல்லும். அழுகிய முட்டை வாடை, மண் கறுத்துவிடும். கடைசியில் மீத்தேன் விடுகிறவர்கள். ஆக்சிஜன் இல்லாமல் டொலுவீனை எப்படித் தொடுவது? இங்கே நடப்பதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆக்சிஜனை ஒட்டுவதற்குப் பதிலாக, செல்லுக்குள்ளேயே புழங்கும் ஃபியூமரேட் என்ற நாலு கார்பன் அமிலத்தையே டொலுவீனின் வாலில் ஒட்டிவிடுகிறார்கள்! கைப்பிடி கிடைத்துவிட்டது, இனி பிரித்துத் தின்ன வேண்டியதுதான். வேகம் குறைவு. பென்சீனுக்கோ அந்த வால்கூடக் கிடையாது; அதனால் காற்றில்லாத ஆழத்தில் அது கடைசிவரை முரண்டு பிடிக்கும். குடிநீர் விஷயத்தில் எல்லோரும் பயப்படுவதும் அதற்குத்தான்.

இந்த ஆழத்து மூச்சுகளை உலகம் தெளிவாகப் பார்த்தது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி ஊருக்குப் பக்கத்தில். 1979 ஆகஸ்டில் அங்கே ஒரு குழாய் வெடித்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அள்ள முடிந்ததை அள்ளிவிட்டு, மிஞ்சியதை அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் கவனித்துவருகிறது. எண்ணெய்க்குப் பக்கத்தில் மீத்தேன் கூட்டம், சற்றுத் தள்ளி இரும்புக் கூட்டம், வெளி விளிம்பில் ஆக்சிஜன் கூட்டம் என்று வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கிறார்களாம். இத்தனை வருடமாகியும் எண்ணெய் முழுதாகத் தீரவில்லை. 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லும் கம்பெனி ஆட்களிடம் பெமிட்ஜியின் தேதியைக் காட்ட வேண்டும்.

நாம் கைகொடுக்கலாம். கொடுப்பது பெரும்பாலும் காற்றும் உரமும். எண்ணெயில் கார்பன் குவியலாக இருக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லை. கார்பன் 100 என்றால் நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது கைக்கணக்கு. ஒரு கிலோ டீசலுக்கு இது ஏறக்குறைய 190 கிராம் யூரியாவில் வந்து நிற்கும். ஒரேயடியாகக் கொட்டினால் உப்பு ஏறிப் பாக்டீரியா சுருண்டுவிடும், பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். சாமைக்கு மேலுரம் போட்டுப் பழகிய யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் ஆம்ப்லரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோலுக்கு ரிச்சர்ட் ரேமண்ட் என்பவர் செய்தது இதைத்தான். வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாகூடக் கொண்டுவரவில்லை. நிலத்துக்குள் காற்றையும் உரத்தையும் செலுத்தினார், அங்கேயே இருந்தவர்கள் எழுந்து வேலையைப் பார்த்தார்கள். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோதும் கரைப் பாறைகளில் உரம்தான் தெளித்தார்கள்.

அப்படியானால் பாக்கெட் பாக்டீரியா எதற்கு? நம் நாட்டிலேயே பேர்போன ஒன்று உண்டு. டெல்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர். சில பாக்டீரியா வகைகளைக் கலந்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்து அதில் ஏற்றிப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் 2007-இல் கூட்டாக ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டன. எண்ணூரை நினைத்துப் பாருங்கள்: 2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கனரக எரியெண்ணெய் கரைக்கு வந்தது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அள்ளிய காட்சியை மறக்க முடியுமா? அள்ளிய கசடு எங்கே போனது என்று கேட்டவர்கள் குறைவு. துறைமுக வளாகத்தில் குழி வெட்டிக் கொட்டி, இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவு பாக்டீரியாக் கலவையைச் சேர்த்தது. மண்ணே இல்லாத வெறும் கசடுக் குழியில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மாதிரி இடத்துக்குப் பொட்டலம் சரி. நல்ல உயிருள்ள மண்ணில் சிந்திய டீசலுக்கு, என்னைக் கேட்டால், முதலில் மண்வெட்டியும் உரமும். பொட்டலக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். வெளியூர் பாக்டீரியா புது மண்ணில் இறங்கினால் அங்கே அதை விழுங்கக் காத்திருக்கும் ஒருசெல் உயிர்கள் ஏராளம்.

ஆனால் செத்தவர் வீணாய்ச் சாவதில்லை, அதுதான் இந்தக் கொட்டகையின் மிகப் பெரிய குறும்பு! எண்ணெய் தின்னும் மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா நூலிழை மாதிரிக் கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து, பிளாஸ்மிட்டின் நகலைக் கடத்திவிடும். சொந்தம் வேண்டாம், சாதி வேண்டாம். வந்தவர் அழிந்த பிறகும் அவர் கொண்டுவந்த மரபணு உள்ளூர்க்காரரிடம் தங்கிவிடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இதுதான் இங்கே உண்மையில் புதிதாகக் கற்பது.

இந்தக் கடத்தலைக் கையில் எடுத்தவர் ஒரு வங்காளி. 1938-இல் சைந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது ஒரே சூடோமோனாஸுக்குள் நான்கு பிளாஸ்மிட்டுகளைக் குடியேற்றினார்: ஆக்டேன் தின்ன ஒன்று, சைலீன் தின்ன ஒன்று, நாப்தலீன் தின்ன ஒன்று, கற்பூரம் தின்ன ஒன்று. ஆமாம், கற்பூரம்! நாப்தலீன் நாம் பீரோவில் போட்ட பழைய அந்துருண்டை. அதற்கான காப்புரிமை வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று நூலிழையில் ஜெயித்தது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாம் என்ற அந்தத் தீர்ப்பில்தான் இன்றைய உயிர்த்தொழில்நுட்பக் கம்பெனிகள் பலவும் நிற்கின்றன. ஆனால் அந்தப் பாக்டீரியாவை ஒருமுறைகூட எண்ணெய்க் கசிவில் இறக்கவில்லை. இதில் எனக்குப் பிடித்த விவரம் வேறு: கற்பூரம் தின்னும் வித்தையை எந்த விஞ்ஞானியும் புதிதாக உருவாக்கவில்லை. மர வாசனைகளைத் தின்று பழகிய ஏதோ ஒரு பாக்டீரியாவிடம் அது ஏற்கெனவே இருந்தது.

வேலை தொடங்கிய பிறகு ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நேரான ஆல்கேன்கள் முதலில் தீரும், அதோடு அவற்றைத் தின்றவர்கள் குறைவார்கள். கிளை பிரிந்தவை அடுத்து, பிறகு சின்ன வளையங்கள், அப்புறம் மூன்று நான்கு வளையம் சேர்ந்த முரடுகள். ஒவ்வொன்றுக்கும் வேறு கூட்டம். பாக்டீரியா பெருகியதும் அவற்றை மேயும் ஒருசெல் உயிர்கள் பெருகும். மேய்ச்சலில் நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்கு உரமாகும். எண்ணெய் குறையக் குறைய, முதல் நாளில் ஓடி ஒளிந்த இனங்கள் மெல்லத் தலைகாட்டும். பழைய கூட்டம் அச்சு அசலாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணெய் குறைந்தது மழை அடித்துப் போனதாலா, உண்மையில் தின்றதாலா என்று எப்படி நிரூபிப்பது? இதற்கு ஒரு தந்திரம் உண்டு, இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 17 கார்பன் ஆல்கேனும் பிரிஸ்டேன் என்ற கிளை பிரிந்த ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஆவியாகும், ஒரே மாதிரி அடித்துப் போகப்படும். பாக்டீரியாவுக்கு மட்டும் முதலாவது பிடிக்கும், இரண்டாவது அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டுக்கும் உள்ள விகிதம் சரிந்தால் வாய் வைத்தவர் யாரென்று தெரிந்துவிடும். நாளடைவில் பிரிஸ்டேனையும் தின்னத் தொடங்கிவிடுவார்கள். அப்போது கச்சா எண்ணெயிலும் கனரக எரியெண்ணெயிலும் இருக்கும் ஹோப்பேன் என்ற ஐந்து வளைய மூலக்கூறைப் பிடித்துக்கொள்வார்கள். அதை யாரும் லேசில் தொடுவதில்லை. எக்ஸான் வால்டெஸ் கரைகளில் எவ்வளவு எண்ணெய் செரிந்தது என்று கணக்கிட்டதே ஹோப்பேனை அளவுகோலாக வைத்துத்தான்; அது மாறாமல் நிற்க, மற்றவை அதற்கெதிரே எவ்வளவு சுருங்கின என்று பார்ப்பார்கள். இந்த ஹோப்பேன் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துப் புதைந்த பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து. டீசலைத் தின்கிறார்கள், டொலுவீனைத் தின்கிறார்கள், அந்துருண்டையைத் தின்கிறார்கள், கற்பூரத்தைத் தின்கிறார்கள். தட்டில் கடைசிவரை ஒதுக்கி வைப்பது சொந்தப் பாட்டன்மாரின் தோலை!